ஜெஸ்லினின் கனம்

அடைக்கலத்துறையில் கடல் வீடுகளைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், கரையோரத் தெருவில் முன்வரிசை வீடுகள் முழுக்கப் போய், பின்வரிசையில் ஒரு வீட்டின் அடுப்படிச் சுவரும் போய், அலையைத் தடுக்கத் தூண்டில் வளைவு கட்டித் தருவதாகச் சொல்லிப் போன அதிகாரிகள் திரும்பி வராமலே போய், கடலைத் திட்டுவதற்கும் சர்க்காரைத் திட்டுவதற்கும் ஊர்க்காரர்கள் ஒரே வார்த்தைகளை வைத்துக்கொண்டு சமாளித்த அந்த வருஷத்தில், கிளீட்டஸ் மகள் ஜெஸ்லின் ராத்திரி கழற்றிப் போட்ட பச்சைச் சுடிதாரைக் காலையில் துவைக்க எடுக்கப் போன அவள் அம்மா பிலோமி, அதைத் தூக்க முடியாமல் குனிந்தபடியே நின்றாள். துணி காய்ந்துதான் கிடந்தது. உதறிப் பார்க்கவும் முடியவில்லை, உருட்டித்தான் பார்த்தாள், உள்ளே ஒன்றும் இல்லை. வள்ளத்தில் மாட்டுகிற வெளியெந்திரத்தைத் தனியாகத் தோளில் வைத்து நடக்கிற கிளீட்டஸ் வந்து ஒரு முக்கு முக்கி அதைத் துவைகல் வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டார்.

"ஏட்டி, என்னத்த உள்ள வச்சித் தச்சிருக்க?" என்றார்.

கண்ணாடிக்கு முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஜெஸ்லின், "நாந்தாம்ப்பா அதுல இருக்கேன். கொஞ்சம் எறங்கிட்டேன்," என்று சிரித்தாள். முந்தின நாள்தான் அவள் மாத்திரை போட ஆரம்பித்திருந்தாள்.

மாத்திரைக்குக் காரணம் ஒரு கவுன். ஜெஸ்லினைப் பெண் கேட்டு வந்தவர்கள் நல்ல மனுஷர்கள், ஒரு குறை சொல்லவில்லை. மாப்பிள்ளை ரோஷன் கப்பலில் வேலை பார்க்கிறவன், வீடியோவில் அவள் சிரிப்பைப் பார்த்தே சரி என்று சொல்லிவிட்டவன். அவனுடைய அம்மா ரெஜினாள் மட்டும் நிச்சயத்துக்கு மறுநாள் ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பினாள். உள்ளே வெள்ளைக் கல்யாணக் கவுன், வாலும் முத்தும் வலையுமாக. "எம்மவ உடுத்து நடந்தது, ராசியான உடுப்பு, இதையே இந்தப் பிள்ளையும் உடுத்தணும்" என்று சொல்லியனுப்பியிருந்தாள். ரெஜினாளின் மகள் முருங்கைக்காய் கணக்காக இருப்பாள் என்பது ஊருக்கே தெரியும். ஜெஸ்லினுக்குக் கவுனில் ஒரு கை நுழைந்தது, இன்னொரு கை நுழையவில்லை. வாயால் சொல்லியிருந்தால் பதிலுக்கு வாயால் சொல்லியிருக்கலாம். பெட்டியில் வைத்துக் கொடுத்தால் என்ன செய்ய முடியும்?

பள்ளிக்கூடத்தில் அவளைப் பீப்பா என்று கூப்பிட்டார்கள். அதற்கும் அவள் சிரித்தாள், பீப்பா கடலில் முங்காது என்று திருப்பிச் சொன்னாள். ஆனால் கவுனைப் பெட்டியில் மடித்து வைத்த ராத்திரி அவள் சிரிக்கவில்லை. கூடப் படித்தவள் ஒருத்தி கொடுத்த நம்பரில் டவுனில் இருக்கும் ஒரு பெண்ணிடம் பேசினாள். ஊர் பேர் எழுதாத வெள்ளை டப்பா கூரியரில் வந்தது, உள்ளே பச்சை மாத்திரைகள். மூலிகை என்று அந்தப் பெண் சொன்னாள். மூலிகை என்று சொன்னால் விஷத்தையும் விரல் நக்கிச் சாப்பிடுகிற ஊர்தானே நம்முடையது, பிலோமியும் அதற்குமேல் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஜெஸ்லினின் உடம்பிலிருந்து இறங்கியது எல்லாம் அவள் கழற்றிப் போட்ட துணியில் போய்த் தங்கியது. நைட்டியைக் கொடியில் போட்டால் கொடி அறுந்தது. துப்பட்டாவை ஆணியில் மாட்டினால் ஆணி சுவரோடு வந்தது. பக்கத்து வீட்டு மெற்றில்டா வந்து பார்த்துவிட்டு, "முடி கொட்டுனா சவுரி கட்டலாம், இது கொட்டுனா என்னட்டி கட்ட?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பங்குச் சாமியார் வந்து தண்ணீர் மந்திரித்துத் தெளித்தார், தண்ணீர் காய்ந்தது, கனம் அப்படியே இருந்தது. வீட்டில் ஒரு சாவும் விழவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல்கூட இல்லை. பிறகு யாரும் அதை அதிசயமாகப் பேசவில்லை, மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறுவதைப் பேசுவதுபோலப் பேசினார்கள்.

அடைக்கலத்துறையில் வள்ளங்களைக் கரையில் ஏற்றிப் போடக் கடல் இடம் விட்டுவைக்கவில்லை. தண்ணீரிலேயே நங்கூரம் போட்டு நிறுத்துவார்கள், இளகின மணலில் நங்கூரம் நழுவும், காலையில் பார்த்தால் ஒருவன் வள்ளம் இன்னொருவன் வள்ளத்தின் மேல் ஏறி நிற்கும், அதற்குமேல் கரையில் அடிதடி. ஒரு நாள் கிளீட்டஸ் நங்கூரத்தைக் கடலில் பறிகொடுத்துவிட்டு வந்தார், வேறு வழியில்லாமல் அந்தப் பச்சைச் சுடிதாரைச் சுருட்டிக் கயிற்றில் கட்டிப் போட்டார். அன்றைக்குக் கடல் அடித்த அடியில் எல்லா வள்ளமும் இடம் மாறியது, கிளீட்டஸ் வள்ளம் மட்டும் கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது.

அதற்குப் பிறகு கிளீட்டஸ் வீட்டு வாசலில் ஆட்கள் வந்த வண்ணம் இருந்தார்கள். ஆண்கள் வெட்கப்பட்டு மனைவிமாரை அனுப்பினார்கள். அவர்களும் வெறுங்கையோடு வரவில்லை, புதுச் சுடிதாரும் புது நைட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். "ஒரு ராத்திரி மட்டும் உடுத்துக் கழட்டித் தா மக்களே, உங்க அண்ணன் வள்ளம் நாலு நாளா நிக்க மாட்டேங்குது" என்று கேட்டார்கள். ஜெஸ்லின் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. கனமான உடுப்புகள் சாக்கில் கட்டப்பட்டுக் கோயிலுக்குப் பின்னால் கடல் அரித்த மூலையிலும் போடப்பட்டன, அங்கே மணல் நின்றது. மணல் நின்ற இடத்தில் கல்லறைத் தோட்டத்துச் சுவர் நின்றது. ஊர்த் தலைவர் வியாகுலம் கோயில் மைக்கில் அவள் பேரைச் சொல்லி நன்றி சொன்னார். பீப்பா என்று கூப்பிட்டவர்களும் கை தட்டினார்கள். இருபத்து மூன்று வயது வரைக்கும் தன் உடம்பை ஒரு குற்றமாகச் சுமந்த பிள்ளைக்கு அந்தக் கைதட்டல் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு அவள் மேல் கோபம் வருவதில்லை. அன்று ராத்திரி அவள் ஒரு மாத்திரைக்கு இரண்டாகப் போட்டாள்.

பசி போயிற்று, பிறகு தூக்கம் போயிற்று. கை நடுங்கியதில் காப்பி சிந்தியது. நெஞ்சு ஓடுவதைக் கழுத்துச் சங்கிலி ஆடுவதில் பார்க்கலாம். ஜெஸ்லின் டவுன் பெண்ணுக்குப் போனில் பேசி அனுப்பினாள், பதிலும் குரலாகவே வந்தது: "படபடப்பா இருக்கா? சூப்பர்மா. கொழுப்பு கரையிற அறிகுறி அதான். நல்லா தண்ணி குடிங்க, நிறுத்திடாதீங்க." அந்தக் குரலில் அவ்வளவு அன்பு இருந்தது. கப்பலிலிருந்து ரோஷன் கூப்பிட்டபோது அவள் முகத்தைப் பார்த்து, "நெட்வொர்க் சரியில்ல போல, மூஞ்சி ஒடுங்கித் தெரியுது," என்றான். பாவம், அவன் கடலில் இருந்தான், குற்றம் சொல்ல முடியாது.

இங்கே கரையில் இருந்தவர்களும் குருடர்கள் இல்லை. கன்னம் ஒட்டுவதை எல்லோரும்தான் பார்த்தார்கள். ஆனால் அடைக்கலத்துறைக்காரர்கள் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு ஒன்றை அவர்கள் செய்தார்கள். வேறு ஊரில் ஒரு பெண் இப்படி மெலிந்தால் போச்சே போச்சே என்று பதறியிருப்பார்கள். இங்கே அவளிடமிருந்து போனது எதுவும் போகவில்லையே, கண்ணுக்கு முன்னால் கிடக்கிறதே, இன்னது மெற்றில்டா வீட்டு வள்ளத்தில், இன்னது கோயில் மூலையில் என்று கை காட்டிச் சொல்லலாமே. பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த அண்டாவை விசேஷம் முடிந்து வாங்கிக்கொள்வதுபோல வாங்கிக்கொள்ளலாம் என்றே எல்லோரும் நம்பினார்கள். பிலோமியும் நம்பினாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை நடுவில் கல்யாண ஓலை வாசிப்பது வழக்கம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் வாசித்து ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா, முறை தப்பிய சொந்தமா, இதுதான் தடை. அந்த ஒரு மூச்சு நேரத்தில் சனம் திரும்பிப் பெண்ணைப் பார்க்கும். முதல் ஓலையின்போது பார்த்தவர்கள் "அழகாகிட்டா" என்றார்கள். இரண்டாவது ஓலையின்போது அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜெஸ்லின் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள். விழுந்த சத்தமே கேட்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, இதயம் தாளம் தப்பி ஓடுகிறது என்றார், ரத்தத்தில் உப்புச் சத்து ரொம்பக் குறைந்திருக்கிறது என்றார், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். ஜெஸ்லின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிலோமிதான் முந்தியில் முடிந்து வைத்திருந்த வெள்ளை டப்பாவை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பார்க்க ஒரு எழுத்தும் இல்லை.

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு விக்கிறவங்களுக்கே தெரியாதும்மா. மூலிகைம்பாங்க, உள்ள தைராய்டு மருந்து கலந்திருக்கும், தண்ணிய இறக்குற மருந்து கலந்திருக்கும், இதயத்த விரட்டுற மருந்தும் இருக்கும். இன்னையோட நிறுத்தணும். ஒரு வாரமாவது இங்க இருக்கணும். இந்தப் பொண்ணு பாதி எடை போயிருக்கு."

"போகல டாக்டர், ஊர்லதான் இருக்கு," என்றாள் பிலோமி.

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார், துக்கத்தில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

ஜெஸ்லின் இருக்க மாட்டேன் என்றாள். கல்யாணப் பெண் ஓலைக்கு நடுவில் ஆஸ்பத்திரியில் கிடந்தால் என்ன பேசுவார்கள், பிள்ளைக்கு நெஞ்சில் கோளாறு என்று ரெஜினாளிடம் யாராவது சொன்னால் என்ன ஆகும் என்று அழுதாள். கிளீட்டஸ் மகள் அழுதால் எதற்கும் தலையாட்டுகிற மனுஷன். எங்கள் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்துவிட்டார். வருகிற வழியில் பஸ் ஜன்னல் காற்றுக்கு மகள் மேலே போய்விடாமல் இருக்க அவள் மடியில் தன் கையை வைத்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பிலோமி மிச்ச மாத்திரைகளை அடுப்பில் போட்டாள். ஆனாலும் அந்த வாரம் முழுக்கத் துணி கனப்பது நிற்கவில்லை, உள்ளே போனது தன் வேலையை முடிக்காமல் விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஜெஸ்லின் கவுனைப் போட்டுப் பார்த்தாள். இரண்டு கையும் நுழைந்தன, முதுகுக் கொக்கியும் மாட்டியது, மாட்டிய பிறகும் தொளதொளவென்று கிடந்தது.

"ஊசி குத்தி எறுக்கிக்கிடலாம்மா," என்றாள்.

"கழட்டுட்டி அத. நீ குடுத்ததையெல்லாம் நான் திருப்பி வாங்கிட்டு வாரேன், ஒண்ணொண்ணா உடுத்து. எல்லாம் ஒன் மேல வந்துரும்."

"என்னத்துக்கும்மா இப்ப? ரெண்டு ஓலை முடிஞ்சிட்டு, இன்னும் ஒண்ணுதான். கல்யாணம் கழிஞ்சி நானே வீடு வீடா போய் வாங்கி உடுத்துக்கிடுதேன். பழைய பீப்பாவா வந்து நிப்பேன், ஒன் மருமகன் ஓடியே போயிருவாவ." சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கிக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

பிலோமி கரைக்குப் போனாள். அன்றைக்குக் கடல் பேய் அடி அடித்துக்கொண்டிருந்தது. வள்ளங்கள் எல்லாம் தண்ணீரில் குதித்துக்கொண்டு நின்றன, ஒவ்வொன்றையும் கீழே மணலில் அவள் மகளின் ஒரு உடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. கிளீட்டஸ் வள்ளமும் அதில் ஒன்று. ஆண்கள் கரையில் குத்தவைத்துக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எம்மவ உடுப்பத் தாங்க," என்றாள் பிலோமி.

யாரும் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லவில்லை. வியாகுலம் எழுந்து நின்று பேசினார். "மைனி, இப்ப நங்கூரத்த எடுத்தா ஒரு வள்ளம் மிஞ்சாது, நம்ம கிளீட்டஸ் வள்ளமுந்தான். கோயில் மூலையில சாக்க எடுத்தா கல்லறைத் தோட்டம் கடலுக்குள்ள போயிரும். கடல் அடங்கட்டும். திங்கக்கெழம நானே ஆள் விட்டுத் தூக்கிக் கொண்டாந்து தாரேன். எங்க போகப்போவுது, எல்லாம் இங்கதான கெடக்கு?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமைக்கு என்ன, நாளைக் கழித்து மறுநாள்தானே என்று பிலோமி தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள். மகளுக்குக் கஞ்சி காய்ச்சினாள். அவள் ரெண்டு வாய் குடித்தாள், பெரிய மனசு பண்ணி மூன்றாவது வாயும் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் மணி அடித்தபோது எழுப்பப் போனாள். போர்வை கட்டிலோடு ஒட்டித் தட்டையாகக் கிடந்தது, அதற்குக் கீழே ஆள் இருப்பதே தெரியவில்லை. விலக்கிப் பார்த்தாள். ஜெஸ்லின் கண்ணை மூடிக் கிடந்தாள். ஆடிக்கொண்டே இருந்த கழுத்துச் சங்கிலி ஆடாமல் கிடந்தது.

கிளீட்டஸ் மகளின் காலடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிலோமி அழவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது என்று ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு முடியைக்கூட முடியாமல் கோயிலுக்கு நடந்தாள், கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றாள். சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்துக்கொண்டிருந்தார். கிளீட்டஸ் பிலோமி தம்பதியரின் மகள் சகாய ஜெஸ்லினுக்கும் என்று வாசித்தார், தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசித்தார், ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். சனம் திரும்பிப் பெண்ணைத் தேடியது.

"தடை இருக்கு சாமி," என்றாள் பிலோமி. "பொண்ணு இல்ல."

ரெஜினாள் மத்தியானமே வந்துவிட்டாள். கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணுக்குக் கல்யாண உடுப்பு உடுத்தி அடக்குவது அந்தக் கரையின் வழக்கம், அவளே அழுதுகொண்டு கவுனை எடுத்தாள். பிலோமி அதை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்தாள், பெட்டியை அவளிடமே கொடுத்தாள். ரெஜினாள் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், அவளைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் நாலு இளவட்டங்கள் சவப்பெட்டியைத் தூக்க வந்தார்கள். தூக்கினார்கள், தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், வெறும் பெட்டியாக இருந்தது. ஒருவன் மூடியைத் திறந்து உள்ளே பிள்ளை இருக்கிறாளா என்று பார்த்தான். அப்போதுதான் பிலோமி வாய்விட்டு அழுதாள்.

"எறக்கி வைங்கல. எம்பிள்ளைய நான் முழுசா பெத்தேன். பாதியா மண்ணுல வைக்க மாட்டேன். அவகிட்ட வாங்குனத அவகிட்ட குடுங்க, பொறவு தூக்குங்க."

வியாகுலம் கடலைப் பார்த்தார். அது அடங்கவில்லை. பிறகு அவர்தான் முதலில் சட்டையைக் கழற்றித் தன் மனைவி கையில் கொடுத்துவிட்டு அலைக்குள் இறங்கினார், பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள். ஒவ்வொருவனும் நீந்திப்போய்த் தன் வள்ளத்தின் கயிற்றை இழுத்து, பாசி பிடித்து உப்பேறிக் கிடந்த நைட்டியையும் சுடிதாரையும் அறுத்து எடுத்தான், அவிழ்ந்த வள்ளம் அலையோடு போவதைத் திரும்பிப் பார்க்காமல் அதை அடிமணலில் உருட்டிக்கொண்டு கரைக்கு வந்தான். கோயில் மூலையில் பெண்கள் கையாலேயே மணலைப் பறித்துச் சாக்குகளை எடுத்தார்கள். இரண்டு பேரும் மூன்று பேரும் சேர்ந்து சுமந்து வந்தவற்றை வாசலில் வைத்தார்கள். பிலோமி ஒவ்வொன்றாக மகள் மேல் போர்த்தினாள். மேலே பட்டதும் துணி வெறும் துணியாயிற்று, கனம் வந்த இடத்துக்கே திரும்பிப் போயிற்று. கன்னம் நிறைந்தது, மணிக்கட்டு நிறைந்தது, கழுத்தில் பழைய மடிப்பு விழுந்தது, பெட்டியின் பலகைகள் முனகின. கடைசியில் கிளீட்டஸ் ஈரம் சொட்டச் சொட்ட அந்தப் பச்சைச் சுடிதாரைக் கொண்டுவந்தார். அதை அவள் போர்த்தவில்லை, சின்ன வயசில் பள்ளிக்கு அனுப்பும்போது செய்ததுபோலக் கையைப் பிடித்து நுழைத்து உடுத்திவிட்டாள். அளவு சரியாக இருந்தது. எல்லாம் திரும்பி வந்தது, மூச்சைத் தவிர. மூச்சை அவள் யாரிடமும் கொடுத்து வைத்திருக்கவில்லை.

நாலு பேரால் பெட்டியை அசைக்க முடியவில்லை. எட்டுப் பேர் வந்தார்கள், பிறகு தெருவே வந்தது. ஆண்களோடு மெற்றில்டாவும் தோள் கொடுத்தாள், மைக்கில் நன்றி சொன்னவரும் தோள் கொடுத்தார், பீப்பா என்று கூப்பிட்டவர்களும் கொடுத்தார்கள். கடலோரமாகப் போகும்போது வள்ளங்கள் பாறையில் மோதி உடையும் சத்தம் கேட்டது, கல்லறைத் தோட்டத்துச் சுவரை அலை தொட்டுத் தொட்டுப் பார்த்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பத்தடிக்கு ஒரு தடவை தோள் மாற்றினார்கள், தோளில் பலகை பதிந்து ரத்தம் கட்டியது.

பக்கத்தில் பெட்டியைத் தொட்டபடி நடந்துகொண்டிருந்த பிலோமி கேட்டாள்: "கனக்குதா?"

"கனக்குது மைனி," என்றார் வியாகுலம், மூச்சுக்கு நடுவில்.

"மெதுவா போங்க," என்றாள் பிலோமி. "எம்பிள்ள அது."